மூணு நூல் மேக்னம்

"தாத்தா, எனக்கு ஒரு மேக்னம்" என்று பேத்தி கையை இழுத்தபோது, செம்பூர் ஸ்டேஷன் ரோட்டில் ஐஸ்கிரீம் கடை முன்னால் அப்படியே நின்றுவிட்டேன். அவள் கேட்டது குச்சியில் செருகி, சாக்லேட்டில் முக்கி, பளபளக்கும் தாளில் சுற்றி, 2013இல் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த ஒரு பனிக்கட்டியை. என் காதில் விழுந்தது வேறு. நாற்பது வருஷத்துக்கு முன்னால், இதே ஊரின் இன்னொரு மூலையில், யாராவது ஒருவர் வாய் திறந்து அந்தச் சொல்லைச் சொல்லமாட்டார்களா, அதைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசிவிடலாமே என்று அலைந்த ஒரு பையன் இருந்தான். அவன் வாயிலிருந்து வந்த மேக்னத்தைக் கேட்க ஆளில்லை. இப்போது ஆறு வயதுப் பிள்ளை கேட்கிறது, கடைக்காரர் எடுத்துக் கொடுக்கிறார், ஜி.பே. செய்கிறேன், உருகுவதற்குள் தின்று முடித்தாகிவிட்டது.

எங்கள் கதை தாராவியில் தொடங்குகிறது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர்களின் வழியில் வந்த குடும்பம். அப்பாவின் சட்டையிலிருந்து வந்த வாசனைதான் எனக்கு அப்பாவின் வாசனை. தீபாவளி வந்தால் கிராஸ் ரோட்டுப் பையன்கள் ஒவ்வொருவர் இடுப்பிலும் ஒரு தகரத் துப்பாக்கி. அதற்குச் சிவப்புத் தாளில் பொட்டு வைத்த சுருள் கேப்பு. குதிரையை இழுத்து விட்டால் 'டப்' என்று ஒரு சத்தம், ஒரு நூல் புகை, மூக்கில் கந்தக நெடி. எல்லாரும் ஒரு பொட்டு வைத்துச் சுட்டுக்கொண்டிருந்தபோது, இரண்டு பொட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக எச்சில் தொட்டு ஒட்டி வைத்துச் சுட்டவன் நான். சத்தம் இரண்டு மடங்கு வரவில்லை. ஒன்றரை மடங்கு வந்தது. மூன்று பொட்டு வைத்தேன். கட்டைவிரல் நகம் கறுத்துப் போய் அடுத்த பொங்கல் வரை அப்படியே இருந்தது. "ஏலே, கம்பெனிக்காரன் ஒண்ணு வச்சான்னா அவன் மடையனா?" என்று அம்மா விரலுக்குத் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டே கேட்டாள். மேக்னம் என்ற தத்துவத்துக்கு எதிராக அதைவிட வலுவான வாதத்தை இதுவரை நான் எந்த அமெரிக்கப் பத்திரிகையிலும் படித்ததில்லை.

இப்போது தீபாவளிக்கு எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை வெடிக்கலாம் என்பதற்கு நீதிமன்ற உத்தரவு இருக்கிறது. 2023இல் மும்பைக்கு இரவு 8 முதல் 10 வரை என்றார்கள். காற்றுக்கு நல்லதுதான், என் நெஞ்சுச் சளிக்கும் நல்லதுதான். கெடிகாரம் பார்த்துச் சந்தோஷப்படுகிற பிள்ளைகளைப் பார்க்கும்போதுதான் கொஞ்சம் சிரிப்பு வருகிறது. நாங்கள் விடிகாலை நான்கு மணிக்கே தொடங்கிவிடுவோம். யார் முதல் வெடி என்பதில் கணேசர் கோயில் தெருவுக்கும் எங்கள் தெருவுக்கும் ஒரு பங்காளிப் பகையே இருந்தது.

நிஜத் தோட்டாவைக் கையால் அடைப்பதை முதலில் பார்த்தது அம்பாசமுத்திரம் பக்கம், மாமா வீட்டில். மே மாத லீவில் தாதரில் ரயிலேறி, மெட்ராஸில் இறங்கி, எழும்பூருக்கு மாறி, மீட்டர்கேஜ் வண்டியில் கரிப்பொடி தின்றுகொண்டே போய்ச் சேர்வதற்குள் லீவில் பாதி போன மாதிரி இருக்கும். மாமாவிடம் ஒரு ரெட்டைக்குழல் இருந்தது. மலையடிவாரத்து வயல், நெல் பால் பிடிக்கும் நேரத்தில் பன்றி இறங்கிவிடும். கடையில் விற்கும் காகிதத் தோட்டா விலை கூடுதல் என்று மாமா பித்தளைத் தோட்டாக்கள் ஒரு டஜன் வைத்திருந்தார். ஒருமுறை சுட்டதை மறுபடி மறுபடி அடைப்பார். ராத்திரிச் சாப்பாடு முடிந்து, அத்தை எச்சில் இட்டு மெழுகின பிறகு, அதே திண்ணையில் ஒரு பழைய வேட்டியை விரிப்பார். ஒரு ஆணியால் செத்த கேப்பைத் தட்டி வெளியே தள்ளுவார். புதுக் கேப்பைக் கட்டைவிரலால் அமுக்குவார். பிறகு கருமருந்து, அதற்கென்றே கைப்பிடி முறித்த ஒரு அளவுக் கரண்டி உண்டு, அதை வேறு யாரும் தொடக்கூடாது. அதன்மேல் அட்டை வட்டம், அதன்மேல் கம்பளித் தக்கை, அதன்மேல் ஈயக் குண்டுகள் 'சளசள' என்று விழும், கடைசியில் இன்னொரு அட்டை, விளிம்பைச் சுற்றி மெழுகுவர்த்தி உருக்கி ஒரு கோலம். அந்த நேரத்தில் வீட்டில் விளக்கு திண்ணையிலிருந்து பத்தடி தள்ளித்தான் இருக்கும். பீடி பற்றவைக்கிறவர் யாராயிருந்தாலும் தெருவுக்குப் போய்விட வேண்டும், பெரியப்பாவே ஆனாலும்.

"மருந்து கூடினா துப்பாக்கி பேசும், குறைஞ்சா பன்னி சிரிக்கும்" என்பார் மாமா. அவர் சுட்டுப் பன்றி விழுந்ததை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. சத்தத்துக்கு அவை ஓடிப் போய்விடும். அவருக்கும் அதுதான் வேண்டும். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அது போதாதென்று, தேர்தலுக்குத் தேர்தல் துப்பாக்கியைக் கொண்டுபோய் ஸ்டேஷனில் ஒப்படைத்து, ரசீது வாங்கி, முடிந்த பிறகு ரசீதைக் காட்டித் திரும்ப வாங்குவது என்று ஒரு நடைமுறை இருந்தது, இன்றும் இருக்கிறது. மாமாவுக்கு வயதாக ஆக, கொண்டுபோய்க் கொடுப்பதற்கு இருந்த தெம்பு திரும்ப வாங்கி வருவதற்கு இல்லாமல் போனது. தோட்டாக்களில் அத்தை ஊதுவத்தி செருகி வைத்திருந்தாள்.

நான் வளர்ந்தேன், அல்லது அப்படி நினைத்துக்கொண்டேன். மாட்டுங்கா லேபர் கேம்பில் ஒற்றை அறை, துறைமுகத்தில் குமாஸ்தா வேலை, சனிக்கிழமை மதியம் அரை நாள். அந்த அரை நாளை நான் கிங்ஸ் சர்க்கிள் நடைபாதைப் பழைய புத்தகக் கடைகளுக்கு எழுதி வைத்திருந்தேன். அரோரா தியேட்டரில் தமிழ்ப் படம் போட்டிருந்தால் அது ஒரு மேலதிக வரும்படி. கர்ணன் எடுத்த ஜெய்சங்கர் படங்கள், 'கங்கா', 'ஜக்கம்மா', 'எங்க பாட்டன் சொத்து', இவற்றில் குதிரையும் தொப்பியும் ஆறு குண்டு ரிவால்வரும் தாராளமாக இருக்கும். அந்த ஆறு குண்டு ரிவால்வர் ஒருமுறை நிரப்பினால் பதினேழு முறை சுடும். விரல் விட்டு எண்ணிக்கொண்டே பார்ப்பவன் நான். பக்கத்து சீட்டுக்காரர் நான் ஜபம் செய்கிறேன் என்று நினைத்திருப்பார். ரிவால்வருக்குக் கணக்கு உண்டு என்பதை ஒழுங்காகச் சொன்ன படம் 'ஷோலே'தான். மூன்று பேர், ஆறு குண்டு, கப்பர் சிங் மூன்றை வானத்தில் சுட்டுக் காலி செய்துவிட்டுச் சக்கரத்தைச் சுற்றி விடுகிறான் அல்லவா, அங்கே மினர்வா தியேட்டரே மூச்சை நிறுத்தியது. நான் மட்டும் கணக்குச் சரியாக வந்த சந்தோஷத்தில் இருந்தேன்.

1985இல் ஒரு சனிக்கிழமை, மூன்று ரூபாய் கொடுத்து வாங்கிய, அட்டை கிழிந்த ஒரு அமெரிக்கத் துப்பாக்கிப் பத்திரிகையில்தான் அதைப் பார்த்தேன். .32 எச் அண்ட் ஆர் மேக்னம்.

மேக்னம் என்றால் உலகத்துக்குத் தெரிந்தது .357, 1935இல் ஸ்மித் அண்ட் வெசன் கொண்டுவந்தது. அல்லது ஐம்பதுகளின் நடுவில் வந்து, 1971இல் 'டர்ட்டி ஹாரி'யில் கிளின்ட் ஈஸ்ட்வுட் கையில் ஏறி உட்கார்ந்துகொண்ட .44. சொல்லே ஷாம்பெயின்காரர்களிடமிருந்து வந்தது. இரண்டு புட்டி கொள்ளும் ஒரு புட்டிக்கு அவர்கள் வைத்த பெயர் மேக்னம். தோட்டாவிலும் விஷயம் அதேதான்: பழைய தோட்டாவின் கூட்டைக் கொஞ்சம் நீட்டுவது, மருந்தைக் கூட்டுவது. சுருக்கமாகச் சொன்னால், இரண்டு கேப்பை ஒட்டி வைப்பது. ஆனால் இந்த .32 மேக்னம் யாரும் கண்டுகொள்ளாத கடைக்குட்டி. 1984இல் ஹாரிங்டன் அண்ட் ரிச்சர்ட்சன் என்ற துப்பாக்கிக் கம்பெனியும் ஃபெடரல் என்ற தோட்டாக் கம்பெனியும் சேர்ந்து பெற்ற பிள்ளை. .32 எஸ் அண்ட் டபிள்யூ லாங் என்ற 1896ஆம் வருஷத்துத் தோட்டாவின் கூடு 0.920 அங்குலம், அதை 1.075 ஆக்கினார்கள். கூடியது 0.155 அங்குலம். ஓர் உளுந்தம்பருப்பின் அகலம். அந்த உளுந்துக்காக நான் மூன்று வருஷம் தூக்கம் கெட்டேன்.

ஏன் இந்தப் பைத்தியம் என்று கேட்டால், ஒரு காரணம் தேசபக்தி என்றுகூடச் சொல்லலாம். நம் நாட்டில் ராணுவமும் போலீசும் புழங்கிய .38, .455, 9 மில்லிமீட்டர் எல்லாம் சாதாரண மனிதனுக்குத் தடைசெய்த போர். துப்பாக்கி வாய் அளவுக்குப் 'போர்' என்று பெயர் வைத்தவன் நிச்சயம் தமிழன் இல்லை, அதை விடுங்கள். மிஞ்சிய .32தான் நமக்கு விதிக்கப்பட்டது. கான்பூர் அரசுத் தொழிற்சாலையில், பழைய வெப்ளியின் ஜாடையில், நடுவில் மடங்கித் திறக்கும் ரிவால்வர் செய்தார்கள். அதற்கான தோட்டா நம் பக்கத்திலேயே, பூனாவுக்கு இப்பால் கட்கியில் தயாராகி, அடியில் கே.எஃப். என்று முத்திரை குத்திக்கொண்டு வரும். டெக்கான் குயினில் போகும்போதெல்லாம் கட்கி தாண்டுகையில் நான் ஜன்னலோரம் எழுந்து நிற்பேன். குலதெய்வக் கோயில் கோபுரம் தெரிகிற இடத்தில் அம்மா எழுந்து நிற்பதைப் போல. அப்பேர்ப்பட்ட நம் ஊர் .32க்கு அமெரிக்காவில் ஒரு வீரப்பிள்ளை பிறந்திருக்கிறது என்றால் பெருமையாக இருக்காதா?

அந்தக் குடும்பத்தின் வம்சாவளியும் எனக்குப் பிடித்துப்போனது. பாட்டி, 1878ஆம் வருஷத்து .32 எஸ் அண்ட் டபிள்யூ. அம்மா, 1896. மகன், 1984. பின்னால் 2008 வாக்கில் .327 ஃபெடரல் மேக்னம் என்று பேரனும் வந்தான், கூடு 1.200 அங்குலம். எல்லாருக்கும் இடுப்பளவு ஒன்றுதான், உயரம்தான் வேறு. அதனால் பேரனுக்கு வாங்கிய ரிவால்வரில் பாட்டி, அம்மா, அப்பா மூவரையும் போட்டுச் சுடலாம். பாட்டியின் ரிவால்வரில் பேரன் நுழைய முடியாது. எங்கள் செம்பூர் ஃபிளாட்டில் நிலைமை நேர்மாறு. பெயர்களில் இருக்கும் பொய்யும் பம்பாய்க்காரனுக்குப் புதிதல்ல: .32 என்பார்கள், குண்டின் குறுக்களவு .312 தான்; .38 என்பார்கள், அளந்தால் .357. சூப்பர் பில்ட்-அப் ஏரியா என்று எழுதி வாங்கிவிட்டு, உள்ளே போய் டேப் பிடித்துப் பார்ப்பவனுக்கு இதில் அதிர்ச்சி இல்லை.

சொன்னால் சிரிக்கக்கூடாது. என்னிடம் ரிவால்வர் கிடையாது. லைசென்சும் கிடையாது, சொற்பச் சம்பளக்காரனுக்கு எதிரி என்று சொல்லிக்கொள்ள லேபர் கேம்பில் பெருச்சாளியைத் தவிர யார் இருந்தார்கள், கமிஷனர் ஆபீசில் எந்த உயிராபத்தை எழுதிக் கொடுப்பது? ஆனாலும் நான் இருநூறு பக்க நோட்டு ஒன்றில், பச்சை மையும் சிவப்பு மையும் மாற்றி மாற்றி, அந்தத் தோட்டாவைக் கையால் அடைப்பது பற்றிக் கிடைத்ததையெல்லாம் எழுதி வைத்தேன். அமெரிக்காவில் இந்தப் பொழுதுபோக்குக்கு ஹேண்ட்லோடிங் என்று பெயர். சுட்ட கூட்டை ஒரு நெம்புகோல் யந்திரத்தில் வைத்து அமுக்கி மறுபடி அளவுக்குக் கொண்டுவருகிறார்கள். படத்தில் பார்த்தால் நம் இடியாப்ப உரலுக்கு ஒன்றுவிட்ட சகோதரன். கேப்புக்கு அங்கே பிரைமர். மருந்தை கிரெய்ன் கணக்கில் நிறுக்கிறார்கள். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெய்ன், நம் தட்டார் குன்றிமணியில் ஏறக்குறைய பாதி. கடையில் அபூர்வமாகக் கிடைக்கிற, கிடைத்தாலும் விலை கடிக்கிற தோட்டா என்பதால் .32 மேக்னப் பிரியர்களில் பெரும்பாலோர் இப்படித் தாங்களே அடைப்பவர்கள். அதில் அவர்களுக்கு ஒரு தனி கர்வமும் உண்டு. கம்பெனித் தோட்டா கொஞ்சம் அடக்கித்தான் வரும். ஹாரிங்டனின் ரிவால்வர்கள் அதிக பலசாலிகள் அல்ல என்பதால் அழுத்தத்தைச் சுமார் 21,000 என்ற கணக்கில் நிறுத்தியிருந்தார்கள், பேரன் .327க்கு அது 45,000. வலுவான ரூகர் கம்பெனி ரிவால்வர் வைத்திருப்பவர்கள் "கம்பெனிக்காரன் மடையன்" என்று அடைப்பைக் கூட்டிப் பார்ப்பார்கள். என் கறுத்த கட்டைவிரல் நகத்துக்கு அந்த ஜாதியைப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது.

ஒரு கருவிக் கம்பெனிக்கு கேட்டலாக் கேட்டு ஏர்மெயில் எழுதினேன். நான்கு மாதம் கழித்துக் கப்பல் தபாலில், ஓரம் கிழித்துச் சோதித்து ஒட்டிய உறையில் அது வந்து சேர்ந்த நாள் எனக்குத் தைப்பூசம். தபால்காரர் பார்த்துவிட்டு, "அமெரிக்காவில் வேலை கிடைச்சிருச்சா அண்ணாச்சி?" என்று கேட்டார், லேபர் கேம்ப் முழுக்க அன்று சாயங்காலத்துக்குள் கிடைத்துவிட்டது. இதனால் வந்த விளைவு ஒரு பெண் பார்க்கும் வைபவம். வருங்கால மாமனார் மாட்டுங்காவில் பலசரக்கு மொத்த வியாபாரி, காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "மாப்பிள்ளைக்கு வேற என்ன ஈடுபாடு?" என்றார். வாய் தவறி "ரீலோடிங்" என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் மலர்ந்தது. "நம்ம சரக்கும் வாஷியிலதான் இறங்குது. லோடிங், அன்லோடிங், ரெண்டுக்கும் நம்பிக்கையான ஆள் கிடைக்கலை" என்றார். கல்யாணம் நடந்தது. பல வருஷம் ஞாயிற்றுக்கிழமைகளில் லாரியில் மூட்டை எண்ணினேன்.

இப்படிப் படித்தும் எழுதியும் ஆசை தீரவில்லை. ஒன்றைக் கையில் பிடித்துப் பார்த்தால் போதும் என்று தோன்றியது. எண்பதுகளின் நடுவில் துப்பாக்கி இறக்குமதியையே அரசாங்கம் மூடிக்கொண்டிருந்த காலம். அமெரிக்கத் தோட்டாவை எங்கே தேட? அப்போதுதான், தாராவிக்காரனுக்கு உரிய பதில் எனக்கு வந்தது: செய்துகொள்.

தொண்ணூறடி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் ஒரு சந்தில் பித்தளைக் கடைசல் பட்டறை. உஸ்தாத் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். பூட்டுக் குமிழ், குழாய்த் திருகு, கோயில் விளக்கின் தண்டு எல்லாம் அவர் லேத்தில் பிறந்தவை. பென்சிலால் வரைந்த படத்தை நீட்டினேன். அடியில் விளிம்பு 0.375 அங்குலம், மொத்த நீளம் 1.35, உடம்பு இவ்வளவு, மூக்கு தட்டை. அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்து, "தீன் சூத்" என்று சொல்லிவிட்டு, மூலையில் சாய்த்து வைத்திருந்த ராடுகளில் ஒன்றை உருவினார். மூணு நூல். ஒரு நூலுக்கு எட்டில் ஒரு அங்குலம், மூன்றுக்கு 0.375. மாசாச்சுசெட்ஸில் எஞ்சினியர்கள் உட்கார்ந்து நிர்ணயித்த விளிம்பு அளவும், தாராவியில் குழாய்த் திருகுக்கு வாங்கி வைத்த ராடும் மயிரிழை பிசகாமல் ஒன்றாக இருந்ததைக் கண்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது. உஸ்தாத் என்னைப் பார்த்து, பித்தளைத் தூசி விழுந்துவிட்டதோ என்று முகம் திருப்பி ஊதச் சொன்னார்.

அந்த அரை மணி நேரம் இன்னும் கண்ணில் இருக்கிறது. சுற்றும் ராடில் உளி பட்டதும் பொன்னிறச் சுருள் சுருளாகச் சீவல் எழும்பி, மண்ணெண்ணெய் மணத்தோடு அவர் பனியனில் விழும். இரண்டு தடவை நிறுத்திக் காலிப்பரால் அளந்தார். மூக்கைத் தட்டையாக்கும் முன் "கூர் வேண்டாமா?" என்று ஜாடையில் கேட்டார், நான் விளக்கத் தொடங்கியதும், போதும் என்று கையமர்த்தினார். கடைசியில் ஒரு சாக்குத் துணியால் துடைத்து உள்ளங்கையில் வைத்தபோது சூடாக இருந்தது. உள்ளே பொந்து இல்லை, மருந்து இல்லை, கேப் இல்லை. ஒரே கட்டிப் பித்தளை. "யே கிஸ் நல் கா ஹை?" என்றார். எந்தக் குழாய்க்கு இது? சரியான கேள்விதான். நாலு ரூபாய் கொடுத்தேன்.

வீட்டில் அதை மேஜை டிராயரில் ஒளித்து வைத்ததும், அம்மா கண்டெடுத்ததும் ஒரே வாரத்தில் நடந்தது. அடி தட்டையாக, கைக்கு அடக்கமாக, கனமாக இருந்ததால் அவள் வேறு யோசனையே செய்யவில்லை. பாயசத்துக்கு ஏலக்காய் நசுக்க அதைவிட வாட்டமான சாமான் அந்த வீட்டில் இல்லை. இருபது வருஷத்துக்கு மேல் உலகத்தின் ஒரே தாராவித் தயாரிப்பு .32 எச் அண்ட் ஆர் மேக்னம் அஞ்சறைப்பெட்டிக்குள், சீரகத்துக்கும் வெந்தயத்துக்கும் நடுவில் குடியிருந்தது. அமெரிக்காவில் அதன் பெற்றோர் ஹாரிங்டன் கம்பெனி, 1871இல் தொடங்கியது, 1986இல் கடையை மூடிவிட்டது; பிள்ளைக்கு இரண்டு வயது. அந்தச் செய்தியை நான் 1988இல், இன்னொரு பழைய பத்திரிகையில் படித்தேன். அனாதைப் பிள்ளை என்று தெரிந்ததும் பாசம் கூடத்தான் செய்தது.

செய்தி இரண்டு வருஷம் பிந்தி வந்து சேரும் அந்த உலகத்தை எப்படி விளக்குவது? தெரிந்தது கொஞ்சம் என்பதால் அந்தக் கொஞ்சத்தை ஊறப்போட்டு, மென்று, அசைபோட்டுக்கொண்டே இருந்தோம். இப்போது என் ஃபோனில் விரலால் தட்டினால், அரிசோனாப் பாலைவனத்தில் தொப்பி வைத்த ஒரு பெரியவர் என் தோட்டாவைச் சுட்டுக் காட்டுகிறார். வேகம், துளையின் அளவு, பின்னுதைப்பு எல்லாம் பத்து நிமிஷத்தில் முடிந்துவிடுகிறது. முதல் தடவை பார்த்தபோது அதன் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை. என் மனத்தில் நான் கேட்டுவந்த சத்தம் கொஞ்சம் கனமானது, கந்தகம் கலந்தது, தாராவித் தீபாவளியில் மூன்று பொட்டு சேர்த்து அடித்த ஜாதி.

நம் நாட்டிலும் முன்னேற்றம் நடக்காமல் இல்லை. 1994இல் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் ஜஸ்பால் ராணா சென்டர்ஃபயர் பிஸ்டலில் தங்கம் வாங்கியபோது, அந்தப் போட்டியில் பலரும் நம்பும் தோட்டா நம் .32 லாங்தான் என்று ஆபீஸ் கேன்டீனில் அறிவித்தேன். யாரோ எனக்கு ஒரு கட்டிங் டீ வாங்கிக் கொடுத்தார், இதுவரை இந்தக் காதலால் நான் சம்பாதித்தது அது ஒன்றுதான். அந்த உற்சாகத்தில் ஒருமுறை வொர்லிப் பக்கம் சுடுதளத்தில் போட்டி பார்க்கப் போனேன். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு, சுவர்போல் நின்று, அரை மணி நேரம் மூச்சைப் பிடித்துக் காகிதத்தில் ஓட்டை போடுகிறார்கள். ஜெய்சங்கர் இப்படிச் சுட்டிருந்தால் ஒரு ரீலுக்கு ஒரு வில்லன்தான் செத்திருப்பான். 2014இல் கான்பூரில் பெண்களுக்கென்று 'நிர்பீக்' என்ற அரை கிலோ ரிவால்வர் வந்தது, விலை லட்சத்துக்கு மேல்; அதை நகைப் பெட்டி மாதிரி ஒரு மெரூன் பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். மனைவி பேப்பரில் படம் பார்த்துவிட்டு, "இந்த விலைக்கு நெக்லஸே வாங்கிறலாமே" என்றாள். 2023இல் 'பிரபல்' வந்தது. சக்கரம் பக்கவாட்டில் வெளியே வருகிற வகை, அமெரிக்காக்காரன் பாட்டன் காலத்திலேயே பார்த்தது. எல்லாவற்றிலும் போடுவது அதே 1896ஆம் வருஷத்து அம்மாவைத்தான். என் உளுந்தம்பருப்பு நீளத்துக்கு இந்த மண்ணில் இன்னும் இடம் வரவில்லை.

வேடிக்கை என்னவென்றால், 2024இல் ஸ்மித் அண்ட் வெசன் மறுபடி .32 எச் அண்ட் ஆர் மேக்னத்துக்கென்று கைக்கடக்கமாக ஒரு ஆறு குண்டு ரிவால்வர் கொண்டுவந்தார்கள். உதைப்புக் குறைவு, வயதானவர்களுக்கும் கை வலிக்காது, ஐந்துக்குப் பதில் ஆறு என்று இப்போது புகழ்கிறார்கள். இதையெல்லாம் இருபத்தேழு வயதில் பச்சை மையில் எழுதி அடிக்கோடிட்டவன் நான். அந்த நோட்டு எங்கே என்று தேடினேன். செம்பூருக்கு வீடு மாறியபோது பழைய பேப்பர்காரருக்குப் போனதில் அதுவும் போயிருக்க வேண்டும்.

அம்மா போனபோது அஞ்சறைப்பெட்டியிலிருந்து அதை எடுத்து என் மூக்குக் கண்ணாடிக் கூட்டில் போட்டுக்கொண்டேன். பித்தளை கறுத்து, அடிவிளிம்பு கொஞ்சம் சப்பிப்போய், மோந்தால் ஏலக்காய். போன வருஷம் மாமாவின் பேரன் கல்யாணத்துக்குத் திருவனந்தபுரம் விமானம். இப்போதெல்லாம் இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம், கரிப்பொடி கிடையாது. சோதனை யந்திரத்துக்குள் போன என் பை வெளியே வரவில்லை. சீருடை அணிந்த ஓர் இளைஞர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இன்னொருவரைக் கூப்பிட்டார், அவர் இன்னொருவரை. கண்ணாடிக் கூடு திறந்தது.

"இது என்ன, அங்கிள்?"

நாற்பது வருஷமாக இந்தக் கேள்விக்காகக் காத்திருந்தவன் நான். 1984இலிருந்து தொடங்கினேன். ஹாரிங்டன், ஃபெடரல், கூட்டின் நீளம், உளுந்தம்பருப்பு, பாட்டி வீட்டில் பேரன் நுழைய முடியாதது. எனக்குப் பின்னால் வரிசை நீண்டது. மூன்று பேரும் குறுக்கிடாமல் கேட்டார்கள். கேட்க வேண்டியது அவர்கள் உத்தியோகம். ஒருவர் அதைக் கையில் நிறுத்துப் பார்த்தார், குலுக்கிப் பார்த்தார், அடியில் கேப் இல்லையே என்று விரலால் தடவினார், பிறகு மூக்கருகே கொண்டுபோனார். முகத்தில் ஒரு குழப்பம்.

"இலாய்ச்சி?"

"எங்க அம்மா" என்றேன்.

தோட்டா வடிவத்தில் எதுவும் உள்ளே போகக்கூடாது என்பது விதி, மன்னிக்கணும் என்றார். நகவெட்டிகளும் லைட்டர்களும் கிடந்த பெட்டியில் அதைப் போடும் முன் ஒரு ரெஜிஸ்டரைத் திறந்து, பெயர், விமானம், எல்லாம் எழுதிவிட்டு, பொருள் என்ற கட்டத்தில் பேனாவை நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டே எழுதினார். கையெழுத்துப் போடக் குனிந்தபோது படித்தேன்: பித்தளைக் குழாய்த் துண்டு, ஒன்று.